கூரு நோய்

கூரு நோய் என்பது பப்புவா நியூ கினி நாட்டின் கிழக்கு உயர்நிலப் பகுதியில் வாழும் ஃபோரே இன மக்களிடையே 20ஆம் நூற்றாண்டில் பரவிய, மூளையைச் சிதைத்து உயிரைப் பறிக்கும் ஒரு நரம்பு நோய் ஆகும். இறந்த உறவினரின் உடலை உண்ணும் ஈமச் சடங்கின் வழியாக இது பரவியது. நுண்ணுயிரியோ தீநுண்மியோ (வைரசு) இதற்குக் காரணம் அன்று. தவறான வடிவில் மடிந்த ஒரு புரதமே காரணம் ஆகும். இத்தகைய புரதம் பிரியான் எனப்படுகிறது. மனிதரிடம் கொள்ளை நோயாகப் பரவிய முதல் பிரியான் நோயாகக் கூரு அறியப்படுகிறது.

1957 முதல் 2,700க்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவு செய்யப்பட்டுள்ளனர். நோய் தொடங்கிய பின் பிழைத்தவர் எவரும் இலர். ஈமச் சடங்கு கைவிடப்பட்டதால் நோய் படிப்படியாக மறைந்தது. எனினும் கூரு நோயைப் பற்றிய ஆய்வுகள், ஆல்சைமர் நோய், பார்க்கின்சன் நோய் முதலியவற்றில் புரதங்கள் மூளையில் திரண்டு படிவதை விளங்கிக்கொள்ள வழிவகுத்தன.

பெயர்க் காரணம்

ஃபோரே மொழியில் கூரு என்னும் சொல் நடுக்கத்தைக் குறிக்கும். குளிராலோ காய்ச்சலாலோ உடல் நடுங்குவதற்கும் இச்சொல் வழங்கி வந்தது. நோயாளியின் உடல் இடைவிடாது நடுங்கியதால் நோய்க்கும் இதுவே பெயர் ஆயிற்று. நோயாளிகள் சிலர் காரணமின்றிச் சிரித்ததைக் கண்ட வெளிநாட்டுச் செய்தித்தாள்கள் இதனைச் "சிரிப்புச் சாவு" என்று எழுதின. அச்சிரிப்பு மகிழ்ச்சியால் எழுவது அன்று. மூளைச் சிதைவால் உணர்ச்சி வெளிப்பாடு கட்டுப்பாட்டை இழப்பதன் விளைவாகும். ஆய்வாளர்கள் அப்பெயரை ஏற்கவில்லை.

நோய்க்குறிகள்

தலைவலி, மூட்டுவலி ஆகியவற்றுடன் நோய் தொடங்கலாம். பின்னர் நடையில் தள்ளாட்டம் தோன்றும். காய்ச்சல் இராது. நோயின் போக்கை ஆய்வாளர்கள் மூன்று கட்டங்களாகப் பிரித்தனர்.

* நடமாடும் கட்டம்: நடை தடுமாறும், பேச்சு குழறும், கைகளும் தலையும் நடுங்கும். நோயாளி கோலை ஊன்றி நடப்பார்.
* அமர்ந்த கட்டம்: பிறர் துணையின்றி நடக்க இயலாது. தசைகளில் வலு இருக்கும். ஆனால் அவற்றை ஒருங்கிணைத்து இயக்க முடியாது.
* இறுதிக் கட்டம்: பிடிமானமின்றி உட்காரவும் இயலாது. விழுங்குவது கடினமாகும். உணவின்மையாலும் நுரையீரல் அழற்சியாலும் படுக்கைப் புண்களாலும் இறப்பு நேரும்.

முதல் அறிகுறியிலிருந்து இறப்பு வரை பெரும்பாலும் ஓராண்டு ஆகும். சிறுவர்களிடம் இக்காலம் இன்னும் குறைவு. ஆல்சைமர் நோயில் நினைவாற்றல் முதலில் பாதிக்கப்படுகிறது. கூருவில் அவ்வாறன்று, நோயாளி நெடுநாள் வரை தன்னைச் சுற்றி நடப்பதை அறிந்தே இருந்தார். தமக்கு வந்திருப்பது கூரு என்பதையும் அதன் முடிவையும் நோயாளிகளே பெரும்பாலும் முதலில் உணர்ந்தனர்.

மூளையில் ஏற்படும் மாற்றங்கள்

உடல் இயக்கத்தை ஒருங்கிணைக்கும் சிறுமூளையே கூரு நோயில் மிகுதியாகச் சிதைகிறது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது நரம்பணுக்கள் அழிந்திருப்பதும், மூளைத் திசுவில் கடற்பஞ்சு போன்ற நுண்துளைகள் இருப்பதும் தெரியும். பலரது மூளையில், நடுவில் செறிந்தும் விளிம்பில் கதிர்கள் போலவும் அமைந்த வட்டப் படிவுகள் காணப்பட்டன. இவை கூரு படிவுகள் என அழைக்கப்படுகின்றன. தவறாக மடிந்த புரதம் திரண்டு உருவான அமிலாய்டு படிவுகளே இவை.

பொதுவாகத் தொற்று நோய்களில் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தூண்டப்பட்டு அழற்சி உண்டாகும். கூரு நோயாளிகளின் மூளையில் அத்தகைய அழற்சி காணப்படவில்லை. அதனால் இது தொற்று நோயாக இருக்க முடியாது என்றே ஆய்வாளர்கள் தொடக்கத்தில் கருதினர்.

ஃபோரே மக்களும் நோயின் பரவலும்

வாய்மொழி வரலாற்றின்படி, 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் இந்நோய் தோன்றி ஃபோரே பகுதிக்குள் ஊர் ஊராகப் பரவியது. மூளையில் தானாகவே அரிதாகத் தோன்றும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கோபு நோயால் இறந்த ஒருவரிடமிருந்து இது தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இறந்தவரின் உடலை மண்ணுக்கும் புழுக்களுக்கும் விடாமல் உறவினர் தம் உடலுக்குள் ஏற்பது ஃபோரே மக்களிடையே அன்பின் வெளிப்பாடாகக் கருதப்பட்டது. பகைவரைக் கொன்று உண்ணும் வழக்கத்திலிருந்து இது வேறுபட்டது. உடலை அறுத்துச் சமைக்கும் பணியைப் பெண்கள் செய்தனர். மூளை, தண்டுவடம் உள்ளிட்ட பகுதிகளைப் பெண்களும் அவர்களுடன் இருந்த சிறு பிள்ளைகளும் உண்டனர். வளர்ந்த ஆண்கள் இதில் அரிதாகவே பங்கு கொண்டனர். ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வயதில் தாயிடமிருந்து பிரிந்து ஆடவர் இல்லத்திற்குச் சென்றனர்.

இதன் விளைவாக, வளர்ந்த பெண்களும் இருபால் சிறுவர்களுமே பெரும்பாலும் நோய்க்கு ஆளாயினர். 1950களின் இறுதியில் ஆண்டுக்கு 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தென் ஃபோரே பகுதியில் சில ஊர்களில் பெண்களின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. தாயை இழந்த குழந்தைகளைத் தந்தையரே தனித்து வளர்க்க வேண்டியதாயிற்று.

நோய்க்குச் சூனியமே காரணம் என்று ஃபோரே மக்கள் நம்பினர். நோயாளி பயன்படுத்திய துணி, உண்டு எஞ்சிய உணவு முதலியவற்றைக் கொண்டு பகைவர் சூனியம் செய்வதாகக் கருதப்பட்டது. ஐயத்திற்கு உள்ளானோர் பழிவாங்கப்பட்டுக் கொல்லப்பட்டதும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஊர்த் தலைவர்கள் பெருங்கூட்டங்கள் கூட்டி, பெண்கள் அனைவரும் மடிந்தால் இனமே அழியும் என எடுத்துரைத்து, சூனியம் செய்வோர் அதனை நிறுத்துமாறு வேண்டினர்.

ஆய்வு வரலாறு

மரபணு நோய் என்ற கருத்து

1957ஆம் ஆண்டு ஆத்திரேலிய நிர்வாகத்தின் மருத்துவ அலுவலராகப் பணியாற்றிய வின்சென்ட் சிகாசும் அமெரிக்க மருத்துவர் கார்ல்டன் கஜ்டுசெக்கும் இந்நோயை ஆராயத் தொடங்கினர். அவர்களது முதல் மருத்துவக் கட்டுரை அவ்வாண்டிலேயே வெளிவந்தது. நச்சுப் பொருள், ஊட்டக் குறைபாடு, தொற்று ஆகியன தேடப்பட்டன; எதுவும் கிடைக்கவில்லை. கொடுத்துப் பார்த்த மருந்துகள் எவையும் பயன் தரவில்லை.

நோய் குடும்பங்களில் தொடர்ந்து வந்ததால் இது மரபணு நோய் என்ற கருத்து வலுப்பெற்றது. அக்கருத்தின் விளைவு ஃபோரே மக்களையே தாக்கியது. மரபணு பிற பகுதிகளுக்குப் பரவக்கூடும் என அஞ்சி, அவர்கள் வெளியிடங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வதை நிர்வாகம் கட்டுப்படுத்தியது. ஆனால் இக்கருத்தில் ஒரு முரண் இருந்தது. பிள்ளை பெறும் வயதிற்கு முன்பே பலரைக் கொல்லும் ஒரு மரபணு, ஓர் இனத்தில் இவ்வளவு பரவலாக நிலைத்திருக்க இயலாது.

ஹாட்லோவின் கடிதம்

1959ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பணியாற்றிய அமெரிக்கக் கால்நடை நோயியலாளர் வில்லியம் ஹாட்லோ, இலண்டனில் ஒரு கண்காட்சியில் கூரு நோயாளிகளின் மூளைப் படங்களைக் கண்டார். செம்மறியாடுகளைத் தாக்கும் ஸ்க்ராப்பி நோயில் தாம் கண்ட அதே நுண்துளைகள் அவற்றில் இருப்பதை உணர்ந்தார். ஸ்க்ராப்பி ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டிற்குச் செலுத்தத்தக்கது என்பதும், அறிகுறி தோன்ற ஓராண்டிற்கும் மேல் ஆகும் என்பதும் 1936இலேயே பிரான்சில் நிறுவப்பட்டிருந்தன. எனவே கூரு நோயாளியின் மூளைத் திசுவை ஆய்வகக் குரங்கினங்களுக்குச் செலுத்தி நீண்டகாலம் காத்திருந்து பார்க்க வேண்டும் என்று அவர் "லான்செட்" மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் இகோர் கிளாட்சோ என்னும் நரம்பு நோயியலாளர், கூரு நோய்க்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கோபு நோய்க்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார்.

மானிடவியல் சான்றுகள்

1961 முதல் 1963 வரை ராபர்ட் கிளாஸ், ஷர்லி லிண்டன்பாம் ஆகிய மானிடவியலாளர்கள் ஃபோரே ஊர்களில் தங்கி ஆய்வு செய்தனர். நோயாளிகளின் உறவுமுறைகளைக் கேட்டுப் பதிந்தபோது இரு செய்திகள் வெளிப்பட்டன. முதலாவது, ஒரே குடும்பத்தவர் எனக் குறிப்பிடப்பட்ட பலர் இரத்த உறவினர் அல்லர். ஃபோரே வழக்கப்படி உறவாக ஏற்கப்பட்டவர். இரண்டாவது, உடலை உண்ணும் வழக்கம் பழமையானது அன்று. மூத்தோரின் நினைவிற்கு எட்டிய காலத்திலேயே தொடங்கியது. அவ்வழக்கம் பரவிய வரிசையும் கூரு பரவிய வரிசையும் ஒத்திருந்தன. யார் உண்டனரோ அவர்களே நோய்வாய்ப்பட்டனர் என்பது இதனால் தெளிவாயிற்று.

1961இல் அங்குச் சென்ற ஆத்திரேலிய மருத்துவர் மைக்கேல் ஆல்ப்பர்ஸ் மற்றொரு சான்றைக் கண்டார். சிறு குழந்தைகளிடம் நோய் குறைந்து வந்தது. சடங்கு தடை செய்யப்பட்ட பின் பிறந்தோரிடம் நோய் தோன்றாததே இதற்குக் காரணம் ஆகும்.

சிம்ப்பன்சி ஆய்வு

1963இல் கூரு நோயால் இறந்தோரின் மூளைத் திசு, அமெரிக்காவில் சிம்ப்பன்சிகளின் மூளைக்குள் செலுத்தப்பட்டது. ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்குப் பின் அவற்றிடம் தள்ளாட்டமும் நடுக்கமும் தோன்றின. கஜ்டுசெக், கிப்ஸ், ஆல்ப்பர்ஸ் ஆகியோர் 1966இல் இம்முடிவை வெளியிட்டனர். மனிதரின் மூளைச் சிதைவு நோய் ஒன்று மற்றோர் உயிருக்குச் செலுத்தத்தக்கது என முதன்முதலில் மெய்ப்பிக்கப்பட்டது. 1968இல் குரோய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கோபு நோயும் இவ்வாறே செலுத்தப்பட்டது. கஜ்டுசெக்கிற்கு 1976ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு, பரூக் பிளம்பர்க்குடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

நோய்க் காரணி

கஜ்டுசெக் இக்காரணியை மிக மெதுவாகச் செயற்படும் தீநுண்மி எனக் கருதினார். ஆனால் எந்தத் தீநுண்மியும் கண்டறியப்படவில்லை. 1967இல் டிக்வா ஆல்ப்பர் என்பவரும் அவருடைய குழுவினரும், ஸ்க்ராப்பி காரணி புற ஊதாக் கதிரால் எளிதில் செயலிழப்பதில்லை எனக் காட்டினர். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகிய நியூக்ளிக் அமிலங்கள் இக்கதிரால் சிதையக்கூடியவை. ஆகவே இக்காரணியில் நியூக்ளிக் அமிலமே இல்லாதிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அதே ஆண்டில் ஜே. எஸ். கிரிஃபித் என்னும் கணிதவியலாளர், புரதம் மட்டுமே தன்னைப் பெருக்கிக்கொள்ளக்கூடிய வழிகளை முன்வைத்தார். 1982இல் ஸ்டான்லி புருசினர் இக்காரணி ஒரு புரதம் என்பதற்கான சான்றுகளை வெளியிட்டு, அதற்குப் பிரியான் எனப் பெயரிட்டார். அவருக்கு 1997இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

புரதம் மடிதல்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த நீண்ட சங்கிலி ஆகும். இச்சங்கிலி உயிரணுவினுள் குறிப்பிட்ட முப்பரிமாண வடிவில் மடிந்த பின்னரே பெரும்பாலான புரதங்கள் தம் பணியைச் செய்ய இயலும். நீரை விலக்கும் பகுதிகள் உட்புறமாக ஒதுங்குவதும், ஐதரசன் பிணைப்புகள் உருவாவதும் மடிதலுக்கு உதவுகின்றன. தவறாக மடிந்தவற்றைச் சீர்படுத்தவும் அழிக்கவும் உயிரணுவில் துணைப் புரதங்கள் உள்ளன.

பிரியான் புரதம் நலமுள்ள அனைவரது உடலிலும் இயல்பாக உள்ளது. நரம்பணுக்களின் மேற்பரப்பில் மிகுந்து காணப்படுகிறது. மனிதரில் 20ஆம் நிறப்புரியில் (குரோமோசோம்) உள்ள மரபணுவிலிருந்து இது உருவாகிறது. இயல்பான வடிவில் இது ஆல்ஃபா சுருள்களை மிகுதியாகக் கொண்டது. நோய் வடிவில் அமினோ அமில வரிசை சிறிதும் மாறுவதில்லை. மடிப்பு மட்டுமே மாறுகிறது. சங்கிலி தட்டையான பீட்டா தகடுகளாக மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நீண்ட இழையாகிறது.

தவறான வடிவம் பெருகும் முறை

1. நோய் வடிவப் புரதங்கள் அடுக்கப்பட்ட சிறு இழை மூளையை அடைகிறது.
2. இழையின் முனையைத் தொடும் இயல்பான புரதம், முனையில் உள்ள வடிவத்தையே அச்சாகக் கொண்டு மாறி மடிந்து ஒட்டிக்கொள்கிறது.
3. இழை நீள்கிறது, ஓர் அளவிற்குப் பின் உடைகிறது.
4. உடைந்த துண்டு ஒவ்வொன்றும் புதிய வித்தாகி மேற்கண்ட செயலை மீண்டும் செய்கிறது.

துண்டுகளின் எண்ணிக்கை இவ்வாறு மடங்கு மடங்காகப் பெருகுகிறது. ஒரு துண்டு பத்து முறை இரட்டித்தால் 1,024 ஆகும். இருபது முறை இரட்டித்தால் பத்து இலட்சத்தைத் தாண்டும். இங்கு மரபுச் செய்தி எதுவும் படியெடுக்கப்படுவதில்லை. வடிவம் மட்டுமே படியெடுக்கப்படுகிறது. மூலப்பொருளை நோயாளியின் உடலே தொடர்ந்து வழங்குகிறது. பிரியான் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குப் பிரியான் செலுத்தப்பட்டபோது அவற்றிற்கு நோய் வரவில்லை என்பது 1993இல் காட்டப்பட்டது. மாற்றுவதற்கு இயல்பான புரதம் இல்லாததே அதற்குக் காரணம் ஆகும். மேலும், நோய் வடிவமும் உடலின் சொந்தப் புரதமே ஆதலால் நோயெதிர்ப்பு அமைப்பு அதனை அயற்பொருளாக அறிவதில்லை. கூருவில் அழற்சி காணப்படாததன் காரணம் இதுவே.

பீட்டா தகடுகளால் ஆன இவ்விழைகள் மிக உறுதியானவை. இயல்பான சமையல் வெப்பத்தால் இவை அழிவதில்லை.

நோய் அரும்பு காலம்

பிரியான் உடலினுள் சென்றது முதல் அறிகுறி தோன்றும் வரையான காலம் கூருவில் பெரிதும் வேறுபட்டது. மிக இளைய நோயாளிகளின் வயது நான்கு அல்லது ஐந்து. மறுபுறம், ஜான் காலிஞ்ச், ஆல்ப்பர்ஸ் முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1996 சூலை முதல் 2004 சூன் வரை 11 நோயாளிகள் கண்டறியப்பட்டனர். அனைவரும் 1960க்கு முன் பிறந்தவர்கள். சிலரிடம் நோய் அரும்பு காலம் 50 ஆண்டுகளுக்கும் மேற்பட்டதாக இருந்திருக்கலாம். சிறுவயதில் ஒருநாள் உண்டது முதுமையில் உயிரைப் பறித்தது.

எலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில், பிரியானின் அளவு உச்சத்தை எட்டிய பின்னரும் அறிகுறி தோன்ற மேலும் காலம் ஆனது. ஆகவே பிரியான் பெருகுவதும் நரம்பணுக்கள் நஞ்சாக்கப்படுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் எனக் கருதப்படுகிறது.

மரபுவழி எதிர்ப்பு

பிரியான் புரதத்தின் 129ஆம் இடத்தில் மெத்தியோனின் அல்லது வாலின் என்னும் அமினோ அமிலம் இருக்கும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே வகையைப் பெற்றவர்கள் விரைவில் நோய்வாய்ப்பட்டனர். இரண்டிலும் ஒவ்வொன்றைப் பெற்றவர்கள் நெடுங்காலம் தப்பினர். பலமுறை சடங்கில் உண்டும் நோய் வராத 30 மூதாட்டியரை ஆராய்ந்ததில், 23 பேர் இக்கலப்பு வகையினர் என 2003இல் அறியப்பட்டது.

நோய் மிகுந்திருந்த ஊர்களில் 127ஆம் இடத்தில் கிளைசினுக்கு மாற்றாக வாலின் கொண்ட புதிய வகை இருப்பது 2009இல் அறிவிக்கப்பட்டது. இது கூரு நோயாளிகள் எவரிடமும் காணப்படவில்லை. இவ்வகைப் புரதத்தை மட்டும் கொண்ட எலிகள், சோதிக்கப்பட்ட மனிதப் பிரியான்கள் எவற்றாலும் நோயுறவில்லை என 2015இல் காட்டப்பட்டது. ஒரு கொள்ளை நோய் சில தலைமுறைகளிலேயே மனித இனக்குழு ஒன்றில் இயற்கைத் தேர்வை நிகழ்த்தியதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பிற நோய்களுடன் தொடர்பு

மாட்டுப் பித்த நோய்: 1986இல் பிரித்தானியாவில் மாடுகளிடம் பிரியான் நோய் கண்டறியப்பட்டது. இறந்த கால்நடைகளின் இறைச்சி, எலும்புத் தூளை மாடுகளுக்கே தீவனமாகக் கொடுத்ததால் இது பரவியது. ஓர் இனம் தன் இனத்தையே உண்டதால் நோய் பெருகியது என்னும் வகையில் இது கூருவை ஒத்ததாகும். இந்நோய் மனிதரிடமும் பரவியது 1996இல் அறிவிக்கப்பட்டது. பிரித்தானியாவில் 178 பேர் இறந்தனர். இவர்களுள் மரபணு வகை அறியப்பட்டவர்களில், 2016இல் இறந்த ஒருவர் மட்டுமே 129ஆம் இடத்தில் கலப்பு வகையினர். கூருவின் நீண்ட அரும்பு காலம் காரணமாக, மேலும் சிலர் பிற்காலத்தில் நோயுறக்கூடும் என ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர்.

பிற மூளைச் சிதைவு நோய்கள்: ஆல்சைமர் நோயில் அமிலாய்டு பீட்டா, டௌ ஆகிய புரதங்களும், பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சைனுக்ளினும், ஹன்டிங்டன் நோயில் ஹன்டிங்டினும் தவறாக மடிந்து திரள்கின்றன. டௌ, ஆல்ஃபா சைனுக்ளின் முதலியன ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குப் பரவி, அங்குள்ள இயல்பான புரதத்தையும் மாற்றுவதாக ஆய்வகச் சான்றுகள் உள்ளன. ஆயினும் இந்நோய்கள் கூருவைப் போல் மக்களிடையே பரவுவன அல்ல. இறந்தோரின் கபச் சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்ட வளர்ச்சி இயக்குநீரைச் சிறுவயதில் பெற்ற சிலருக்கு இளவயதிலேயே ஆல்சைமர் நோயை ஒத்த நிலை தோன்றியதாக 2024இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. இம்மருத்துவமுறை 1985இலேயே அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கைவிடப்பட்டுவிட்டது.

தவறான கருத்துகள்

* கூரு நோயாளியைத் தொடுவதாலோ உடனிருந்து பேணுவதாலோ நோய் பரவியதில்லை.
* நோயுற்ற தாயிடமிருந்து கருவிலுள்ள குழந்தைக்கோ தாய்ப்பால் வழியாகவோ பரவியதற்குச் சான்று இல்லை.
* மனித உடலை உண்ட அனைவருக்கும் இந்நோய் வந்ததில்லை. உண்ணப்பட்டவரின் உடலில் பிரியான் இருந்தால் மட்டுமே நோய் பரவியது.

இன்றைய நிலை

ஆத்திரேலிய நிர்வாகத்தின் தடையாலும் மக்களின் ஒத்துழைப்பாலும் 1950களின் இறுதியில் ஈமச் சடங்கு கைவிடப்பட்டது. 1960க்குப் பின் பிறந்த எவருக்கும் கூரு வந்ததில்லை. 21ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிற்குள் எஞ்சிய நோயாளிகளும் மறைந்தனர். கோரோக்கா நகரில் உள்ள பப்புவா நியூ கினி மருத்துவ ஆய்வுக் கழகமும், ஊர் ஊராக நடந்து நோயாளிகளைக் கண்டறிந்த ஃபோரே களப் பணியாளர்களும் இறுதி வரை கண்காணிப்பைத் தொடர்ந்தனர். பிரியான் நோய் எதற்கும் இதுவரை குணப்படுத்தும் மருந்து இல்லை. கூருவை நிறுத்தியது மருந்து அன்று. பரவும் வழியை அறிந்து அதனை அடைத்ததே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* பிரியான்
* புரதம்
* குரோய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கோபு நோய்
* ஆல்சைமர் நோய்
* பப்புவா நியூ கினி